ஷிப்ராக்கா, இண்டியன் கிரீக்கா? நவஹோ மண்ணுக்குக் கயிற்றோடு கிளம்பும் முன்

வருகிற அக்டோபரில் ஐந்து நாள் விடுப்பு. நாங்கள் நான்கு பேர் ஃபீனிக்ஸிலிருந்து ஒரே காரில் கிளம்புகிறோம். டிக்கியில் இரண்டு கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட், பாறை விரிசலில் செருகினால் விரிந்து பிடித்துக்கொள்ளும் கேம் என்ற கருவிகள் சில, கடன் வாங்கியவை. எங்கே போவது என்று இரண்டு வாரமாக வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். குழுவில் இளையவன்தான் ஒரு படத்தைப் போட்டுத் தொடங்கிவைத்தான். ஆளரவமற்ற சமவெளி நடுவில் தனியாக எழுந்து நிற்கும் கரும்பாறை. கீழே ஒரு வரி: "அண்ணா, இதுல ஏறணும். லோக்கல்ல கேட்டா விட்டுடுவாங்களாம்."

அது ஷிப்ராக். அவன் ஆசையில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்தப் பாறையை முதன்முதலில் பார்த்தபோது கண்ணாலேயே வழி தேடினேன். அதனால், கூடாது என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எங்கள் முன் இருக்கும் வழிகளை எடுத்துவைத்துப் பார்த்தேன். குழுவுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா பக்கம் கயிற்றோடு கிளம்பும் தமிழ் நண்பர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

முதலில் ஷிப்ராக். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறத்தாழ 1,580 அடி உயர்ந்து நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 7,177 அடி. சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டைக்குள்ளேயே இறுகிப்போனது இந்தப் பாறை. மேலே மூடியிருந்த மென்பாறையெல்லாம் காலப்போக்கில் அரித்துப்போக, தொண்டை மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து கற்சுவர்கள் மைல் கணக்கில் சமவெளியில் ஓடுகின்றன. இது நவஹோ நிலம், தனி அரசும் சட்டமும் உள்ள அமெரிக்கப் பழங்குடியினரின் நிலம். டினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நவஹோ மக்கள் இதை ட்சே பிட்டாயி என்கிறார்கள். சிறகுள்ள பாறை என்று பொருள். தங்கள் முன்னோரை வடக்கேயிருந்து சுமந்துவந்த பெரும்பறவை அது என்று ஒரு வழிவழிக் கதை. உச்சியில் கூடுகட்டி மனிதரைத் தின்ற அரக்கப் பறவைகளை, அசுரர்களை அழிக்கப் பிறந்த வீரன் கொன்றான் என்று இன்னொன்று. ஒருகாலத்தில் மக்கள் பாறைமேலேயே குடியிருந்தார்கள், வயல் வேலைக்கும் தண்ணீருக்கும் மட்டும் இறங்கிவருவார்கள், ஒருநாள் இடி விழுந்து பாதை பிளந்துபோனதில் மேலே இருந்த பெண்களும் பிள்ளைகளும் இறங்க வழியின்றிப் பட்டினியால் இறந்தார்கள் என்று மூன்றாவது. அந்த இறந்தவர்களைக் கலைக்கக் கூடாது என்பதால் மேலே யாரும் போவதில்லை.

1939 அக்டோபரில் சியரா கிளப்பைச் சேர்ந்த டேவிட் பிரவர், ராஃபி பெடெயன், பெஸ்டர் ராபின்சன், ஜான் டயர் ஆகிய நால்வர் கயிறு கட்டி உச்சியைத் தொட்டார்கள். பாறையில் துளையிட்டு நான்கு போல்ட்கள் அடித்தார்கள். அமெரிக்கப் பாறையேற்றத்தில் போல்ட் பயன்பட்டது அப்போதுதான் முதன்முறை என்று ஏறுபவர்கள் பெருமையோடு சொல்வார்கள். 1970 மார்ச்சில் அங்கே ஒரு மோசமான விபத்து நடந்தது. அதன்பின் நவஹோ அரசு தன் நிலம் முழுவதிலும் பாறை ஏறுவதற்குத் தடை விதித்தது. ஷிப்ராக்குக்கு மட்டும் விதித்த தடை அல்ல; மானுமென்ட் வேலியின் தூண்கள், கேன்யன் டி ஷேயின் ஸ்பைடர் ராக் எல்லாம் அதில் அடங்கும். இன்றுவரை அது நீங்கவில்லை.

அப்படியானால் "லோக்கல்ல கேட்டா விட்டுடுவாங்க" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நவஹோ நிலத்தில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை குடும்பவாரியாக வழங்கப்பட்டிருக்கிறது. பாறை யாருடைய மேய்ச்சல் எல்லைக்குள் வருகிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் சரி என்றால் ஏறிவிடலாம் என்பது ஏறுபவர்கள் நடுவில் பல ஆண்டுகளாகப் புழங்கும் யோசனை. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் இருட்டில் போய் ஏறுவதைவிட இது மேல் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த நிலம் அந்தக் குடும்பத்தின் பட்டா நிலம் கிடையாது. அமெரிக்க அரசு நவஹோ மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம் அது; அங்கே எது நடக்கலாம் என்று சட்டம் செய்வது விண்டோ ராக்கில் உள்ள நவஹோ அரசு. மேய்க்கால் புறம்போக்கில் ஆடு ஓட்டுகிறவரிடம் போய்க் குவாரிக்கு அனுமதி வாங்க முடியுமா? அதே கதைதான். நடக்கவும் கூடாரம் போடவும் நவஹோ பூங்காத் துறை பெர்மிட் தருகிறது. கயிறு கட்டி ஏற பெர்மிட் என்று ஒன்றே இல்லை.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வீட்டு வாசலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டினே வீடுகளில் அழையாமல் போகிறவர் நேராகப் போய்க் கதவைத் தட்டுவது வழக்கமில்லை. காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பார்த்து, விரும்பினால் வெளியே வருவார். நவஹோ நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் தொட்டி வைத்து மைல் கணக்கில் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அப்படி ஒரு வீட்டின் முன் நான்கு பேர் விலையுயர்ந்த கருவிகளோடு போய் நின்று, ஊரே கூடாது என்று சொன்னதற்கு அந்த ஒருவரிடம் மட்டும் "சரி" வாங்கப் பார்க்கிறோம். வெளியூர்க்காரரை முகத்துக்கு நேராக மறுக்கக் கூச்சப்பட்டு அவர் தலையசைக்கலாம். நாளைக்கு அக்கம்பக்கத்தார் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். நாம் அதற்குள் ஃபீனிக்ஸ் திரும்பியிருப்போம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பாறை ஏறுகிற நாங்கள் எப்போதும் சொல்வது, "விழுந்தா நாங்கதானே விழப்போறோம்" என்பது. ஷிப்ராக்கில் அந்தப் பேச்சு எடுபடாது. மரபுவழி டினே நம்பிக்கையில் மரணம் நடந்த இடம் தீட்டுப்பட்ட இடம். வீட்டுக்குள் ஒருவர் இறந்தால் ஹோகன் என்னும் அந்த மரபு வீட்டையே விட்டுவிட்டுப் போன காலம் உண்டு. வடக்குச் சுவரை உடைத்து உடலை வெளியே எடுப்பார்கள், பிறகு யாரும் உள்ளே போவதில்லை. ஷிப்ராக் பாறையோ உதிரும் பாறை. இறுகிய மணற்கல் போல நம்பி ஆணி இறக்க முடியாது. அங்கே எங்களில் ஒருவர் விழுந்து இறந்தால், எங்கள் குடும்பங்களோடு அது முடியாது. தேடி மீட்க வருவது ஆள்பலம் குறைந்த நவஹோ காவல்துறையும் உள்ளூர் இளைஞர்களும். இறந்தவரைத் தொட அஞ்சும் ஒரு சமூகத்தின் பிள்ளைகளை அந்த வேலைக்கு இழுக்கிறோம். பாறையடியில் ஆடு மேய்க்கிற குடும்பத்துக்கு அந்த இடம் மறுபடி பழைய இடமாக இருக்காது. 1970-இல் தடை வந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. புனிதம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ பழைய நம்பிக்கை என்று கடந்துபோகிறவர்கள் இந்த ஒன்றையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதங்களும் தெரியும். 1957-இல் மானுமென்ட் வேலியில் 'டோட்டம் போல்' என்ற பெயருள்ள தூணில் ஏறியிருக்கிறார்கள். 1975-இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக அதே தூணில் மறுபடியும் ஏறினார்கள். சினிமாவுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர் பிறகு கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாதா? இன்னொரு பக்கம், கயிறு பிடித்து ஏறும் நவஹோ இளைஞர்களே இன்று இருக்கிறார்கள். நேட்டிவ்ஸ் அவுட்டோர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கிய லென் நெசெஃபர் நவஹோ தேசத்தைச் சேர்ந்தவர். மலையும் பாறையும் யாருடைய நிலம் என்பதை ஏறுபவர்களின் உலகத்தில் விடாமல் பேச்சாக்கியவர்களில் ஒருவர். வருங்காலத்தில் தங்கள் நிலத்தில் சில பாறைகளைத் திறக்கலாமா என்று டினே மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் அது அவர்கள் முடிவு. அதுவரை ஷிப்ராக் எங்கள் பட்டியலில் இல்லை.

இரண்டாவது வழி, கயிற்றை டிக்கியிலேயே விட்டுவிட்டு நவஹோ நிலத்துக்குள் போவது. இதைச் சொன்னதும் குழுவில் ஒருவர், "அப்ப வெறும் சைட் சீயிங்கா?" என்று கேட்டார். இரண்டு வருடம் முன்பு மே மாதத்தில் கேன்யன் டி ஷேக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

சின்லி ஊரை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. டினே மொழியில் ட்சேயி, பாறைக்குள் என்று பொருள். 1931-இல் தேசிய நினைவிடம் ஆனது. தேசியப் பூங்கா சேவை நிர்வகித்தாலும் நிலம் முழுக்க நவஹோ நிலம், குடும்பங்கள் இன்றும் கீழே பயிர் செய்கிறார்கள். மேல்விளிம்புச் சாலையில் நாமே காரோட்டிப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கீழே இறங்கிச் சுற்ற நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன் வர வேண்டும். எங்களோடு வந்தவர் அறுபதை நெருங்கிய பெண்மணி. முதலில் தன் தாய்வழிக் குலம், தந்தைவழிக் குலம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்; பிறகு நீங்கள் யார் மக்கள் என்று கேட்டார். பெயரும் வேலையும் சொன்ன எங்களிடம், அம்மா ஊர், அப்பா ஊர் என்று கேட்டு வாங்கிக்கொண்டபிறகுதான் ஜீப்பைக் கிளப்பினார். பாறையைக் காட்ட விரலை நீட்டவில்லை. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் லேசாக நீட்டினார். அரை மணி நேரத்தில் நாங்களும் விரலை மடக்கிக்கொண்டோம்.

ஸ்பைடர் ராக்கின் அடியில் நிறுத்தினார். சுமார் 800 அடிச் செங்குத்துத் தூண், இரட்டை ஊசிபோல. நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் வாழும் இடம். உச்சி மட்டும் வெளுத்திருக்கும். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளை அவள் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அந்த வெள்ளை அவர்களின் எலும்பு என்று தன் பாட்டி சொல்லித்தான் தன்னைத் தூங்கவைத்தார் என்றார். அதற்குமேல் கேட்டோம். "மீதி பனிக்காலத்தில் சொல்ல வேண்டிய கதை" என்று நிறுத்திக்கொண்டார். அது மே மாதம். எங்களுக்காக அவர் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

1956-இல் மூவர் இந்தத் தூணில் ஏறியிருக்கிறார்கள், அந்தப் பெயர்களைப் போகும் முன்பே படித்திருந்தேன். அடியில் நின்றபோது என் கை அந்த வழியைத் தேடவில்லை. அவர் உதட்டால் காட்டியது வேறொன்றை: மணலில் ஒரு சிறு பழத்தோட்டம். 1864-இல் அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படையெடுப்பின்போது இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்து, மக்களைப் பட்டினி போட்டுப் பணியவைத்தார்கள். முந்நூறு மைலுக்கு மேல் நடத்தியே நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்பினார்கள். திரும்பி வந்து மறுபடி பீச் நட்டார்கள். இங்கே கூடாது என்று சொல்கிற உரிமையை அவர்கள் என்ன விலை கொடுத்து மீட்டார்கள் என்பது அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகிறது என்பதும் இந்த வழிக்கு ஒரு பலம். மானுமென்ட் வேலியும் உண்டு, 1958-இல் நவஹோ மக்களே அமைத்த பூங்கா. ஒரு நாள்தான் என்றால் நான் ட்சேயியைத் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் ஐந்து நாளும் கயிற்றைத் தொடாமல் திரும்ப எங்களில் யாருக்கும் மனமில்லை. அதற்கு மூன்றாவது வழி: நவஹோ எல்லைக்கு வடக்கே, யூட்டாவில், சட்டப்படி ஏறக்கூடிய பொது நிலம். அங்கே மூன்று இடங்களை ஒப்பிட்டோம். மோவாபுக்கு அருகே காசல்டன் டவர், 1961-இல் லேட்டன் கோரும் ஹண்ட்லி இங்கல்ஸும் ஏறிய 400 அடித் தூண். அழகு, ஆனால் எங்களில் இருவருக்கு அது இன்னும் அதிகம். வேலி ஆஃப் த காட்ஸ் என்பது மானுமென்ட் வேலியின் தம்பிபோல இருக்கும். கூட்டமில்லை, ஆனால் பாறை பொடியும். மூன்றாவது இண்டியன் கிரீக். விங்கேட் மணற்கல்லில் மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்ததுபோல் ஒரே அகலத்தில் ஓடும் விரிசல்கள். 1976-இல் ஏர்ல் விக்கின்ஸும் நண்பர்களும் சூப்பர்கிராக்கில் ஏறினார்கள். கேம்கள் அப்போது கடைக்கே வரவில்லை. இன்று ஒரே அளவில் ஆறேழு கேம் வேண்டும், அதனால்தான் கடன். கையில் டேப் சுற்றி, விரிசலுக்குள் உள்ளங்கையைச் செருகி, கட்டைவிரலை மடக்கி இறுக்கித் தொங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடியின் சுகம் தெரியும்.

இண்டியன் கிரீக் பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்துக்குள் வருகிறது. நவஹோ, ஹோப்பி, ஜூனி, இரண்டு யூட் இனங்கள் என ஐந்து பழங்குடி அரசுகள் சேர்ந்து கேட்டு, 2016 டிசம்பரில் ஒபாமா அறிவித்தது. 2017-இல் டிரம்ப் பரப்பை ஏறத்தாழ 85 சதவீதம் குறைத்தார். 2021 அக்டோபரில் பைடன் மீட்டார். 2022-இல் ஐந்து அரசுகளும் மத்திய அரசோடு சேர்ந்து நிர்வகிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. 2016 பிரகடனத்திலேயே பாறையேற்றம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தது. எனக்கு இந்த இடத்தின்மேல் நம்பிக்கை வருவது இதனால்தான். இங்கே கயிறு கட்டுவது, அந்த மண்ணின் மக்கள் இருக்கும் மேசையில் வெளிப்படையாகப் பேசப்பட்ட ஒன்று. யார் வீட்டு வாசலிலும் காதோடு காதாக வாங்கியது இல்லை.

அதற்காகப் பொது நிலத்தில் எல்லாம் நம் இஷ்டம் என்று ஆகாது. 2021-இல் மோவாப் அருகே ஒருவர் புது வழி போடுகிறேன் என்று பழங்காலப் பாறைச் சித்திரத்தின் மேலேயே போல்ட் அடித்துவிட்டார். கிறுக்கல் என்று நினைத்தாராம்; பிறகு வருந்தி மன்னிப்புக் கேட்டார். எங்கள் குழுவுக்கு நான் சொன்னது: சித்திரமோ பழைய சுவரோ கண்ணில் பட்டால் அந்தச் சுவரில் அன்றைக்கு ஏறுவதில்லை, எவ்வளவு நல்ல விரிசலாக இருந்தாலும். மழை பெய்தால் மணற்கல் ஈரத்தில் வலுவிழக்கும். பாறையடி மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்து உள்ளே ஈரம் இருந்தால் காத்திருக்க வேண்டும், ஒரு நாளோ இரண்டோ. கரும்பொருக்குபோல் தெரியும் மண்மேல் கால் வைக்கக் கூடாது, அது உயிருள்ள மண். மிதித்தால் மீள பல பத்தாண்டு ஆகும். தண்ணீர் அங்கே கிடையாது.

நான்காவதாக ஒரு யோசனையும் வந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து ஹம்ஃப்ரீஸ் சிகரம், 12,633 அடி, கயிறே வேண்டாம், நம் வீட்டிலிருந்து கிட்ட. அது டினே உலகின் நான்கு எல்லை மலைகளில் மேற்கே நிற்பது. நவஹோ எல்லைக்கு வெளியே இருப்பதால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அங்குள்ள பனிச்சறுக்குத் திடலுக்குச் சுத்திகரித்த சாக்கடை நீரில் பனி செய்யக் கூடாது என்று நவஹோ தேசமும் மற்றப் பழங்குடிகளும் போராடி, 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். நெவாடாவில் டாஹோ ஏரிக்கரைக் கேவ் ராக்கில் வாஷோ மக்களுக்காக விதித்த ஏறுதல் தடையை 2007-இல் அதே நீதிமன்றம் சரி என்றது. வயோமிங்கின் டெவில்ஸ் டவரில் 1995 முதல் ஜூன் மாதம் ஏறாதீர்கள் என்று வேண்டுகோள் மட்டும். கேட்பவர் கேட்கிறார், கேளாதவர் ஏறுகிறார். மூன்று இடமும் புனிதம்தான், மூன்றுக்கும் மூன்று விதத் தீர்ப்பு. சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டி முடிவெடுக்க முடியாது என்று நான் குழுவில் சொன்னது இதனால்தான். ஹம்ஃப்ரீஸை இந்த முறை விட்டுவிட்டோம். நடக்கவேண்டிய மலை அது, ஏறும் பயணத்தோடு ஒட்டாது.

ஆக, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டோம். முதல் நாள் ஃபீனிக்ஸிலிருந்து சின்லி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அரிசோனாவில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, நவஹோ நிலத்தில் உண்டு. அக்டோபரில் எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். வழிகாட்டி எட்டு மணி என்றால் அது அவர் எட்டு மணி. மதுவுக்கு அங்கே தடை, கூலரில் ஒரு பீர்கூட இருக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இரண்டாம் நாள் ட்சேயி. நான்காம் நாளும் ஐந்தாம் நாள் பகல்வரையும் இண்டியன் கிரீக், அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பினால் இரவு ஆகிவிடும்.

இடையில் மூன்றாம் நாள். லுகாசுகையிலிருந்து மலையேறி இறங்கும் 13-ஆம் எண் சாலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கிழக்கே இறங்கி ரெட் வேலியைத் தாண்டினால் அந்தச் சாலை ஷிப்ராக்கின் தெற்குக் கற்சுவரை வெட்டிக்கொண்டு போகும். பாறையடிக்குப் போகும் மண் தடங்களில் இறங்கப்போவதில்லை. தார்ச்சாலை ஓரம் ஒதுக்கி நிறுத்தி, இறங்கி நின்று பார்க்கப் போகிறோம். இளையவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு கேட்டான்: "அண்ணா, காலைல எத்தனை மணிக்கு அங்க இருப்போம்? வெயில் எந்தப் பக்கம் விழும்?"

கிழக்கிலிருந்து விழும், ஒன்பதுக்குள் போய்விடுவோம் என்று எழுதியிருக்கிறேன்.